எரிந்தால்தான் மருந்தா?



போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு கேள்வி வந்தது. அடையாறில் இருக்கும் என் தங்கை மகன் இப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருக்கிறான். தினமும் சவரம் செய்துகொண்டு போக வேண்டிய வேலை. "மாமா, ஷேவ் பண்ணினா கழுத்தெல்லாம் எரியுது, சிவப்பா பொரிஞ்சு வருது. நல்ல ஆஃப்டர்ஷேவ் எதுன்னு சொல்லுங்க" என்று கேட்டிருந்தான். அரை மணி நேரத்தில் ஆளாளுக்கு ஒரு பெயர். ஒருவர் எலுமிச்சம்பழம் தேய்க்கச் சொன்னார். ஒருவர் டெட்டால் என்றார். இன்னொருவர், "எரியட்டும் விடு, எரிஞ்சாத்தான் கிருமி சாகுதுன்னு அர்த்தம்" என்று எழுதினார்.

முப்பது வருஷத்துக்கு மேல் வேதியியல் நடத்தியவன் இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியுமா? அவனுக்கு எழுத ஆரம்பித்தது நீண்டுவிட்டது. உங்களில் பலருக்கும் பயன்படும் என்று இங்கே போடுகிறேன்.

முதலில், எரிகிறதே ஏன்? பிளேடு முடியை மட்டும் வெட்டுவதில்லை. தோலின் மேலடுக்கையும் மெல்லியதாகச் சீவிக்கொண்டு போகிறது. கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் நூற்றுக்கணக்கில் விழுகின்றன. அதன்மேல் சோப்பு நுரை. நம் தோல் இயல்பாகவே லேசான அமிலத்தன்மை உடையது. பி.எச். கணக்கில் 5-ஐ ஒட்டி இருக்கும். சாதாரண சோப்பு 9 முதல் 10 வரை, அதாவது காரம். கீறல் விழுந்த தோலில் காரம் பட்டால் எரியாமல் என்ன செய்யும்?

இதில் நம்ம ஊர் தண்ணீரும் சேர்ந்துகொள்கிறது. அடையாறு, பெசன்ட் நகர்ப் பக்கம் எத்தனை வீட்டில் போர் தண்ணீர்தான் என்று உங்களுக்கே தெரியும். உப்பும் கடினத்தன்மையும் உள்ள தண்ணீர். அதிலிருக்கும் கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்தால் நுரை வராது, வெள்ளைப் படிவுதான் வரும். பத்தாம் வகுப்பில் நடத்தியிருக்கிறேன், மறந்திருக்க மாட்டீர்கள். நுரை சரியாக இல்லாமல் பிளேடு இழுத்தால் உராய்வு அதிகம். அந்தப் படிவும் தோலிலேயே தங்கும். அதற்குமேல் நம்ம மே மாத வியர்வை. ஆகவே பலருக்கு எரிச்சலின் காரணம் சவரத்துக்குப் பிறகு எதைப் போடவில்லை என்பதில் இல்லை. சவரத்துக்கு முன்னாலேயே இருக்கிறது. ஒரு சொம்பு நல்ல தண்ணீரை லேசாகச் சூடாக்கி முகத்தை நனைத்து இரண்டு நிமிஷம் ஊறவிட்டு, முடி வளரும் திசையிலேயே சவரம் செய்து பாருங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

இப்போது பாட்டிலுக்கு வருவோம். எங்கள் இளமையில் ஆஃப்டர்ஷேவ் என்றாலே ஒரு கௌரவம். வெளிநாட்டிலிருந்து வரும் சித்தப்பாவின் பெட்டியிலிருந்தோ, கடற்கரை ஸ்டேஷன் பக்கத்துப் பர்மா பஜாரிலிருந்தோதான் வரும். 1938-இல் அமெரிக்காவில் ஆண்களுக்கென்று வந்த ஓல்ட் ஸ்பைஸின் வெள்ளை பாட்டிலைக் காலியான பிறகும் அலமாரியில் வைத்திருந்த வீடுகள் மயிலாப்பூரில் நிறைய. அந்த வாசனையை நானும் ரசித்தவன்தான். ஆனால் வாசனை வேறு, மருந்து வேறு.

பழைய பாணி ஆஃப்டர்ஷேவில் பெரும்பகுதி ஆல்கஹால். அந்தக் காலத்தில் சவரக் கத்தியைத் தீட்டித் தீட்டி பல பேருக்குப் பயன்படுத்தினார்கள். அதனால் காயத்தில் ஸ்பிரிட் தடவ வேண்டியிருந்தது. இன்று வீட்டில் உங்கள் சொந்த ரேசர், புது பிளேடு. அந்தத் தேவையே குறைந்துவிட்டது. ஆல்கஹால் கிருமியைக் கொல்லும், உண்மை. கூடவே தோலின் எண்ணெய்ப் பசையையும் எடுத்துக்கொண்டு போய்விடும். எரிச்சல் என்பது நரம்பு போடும் கூச்சல். கிருமி சாகும் சத்தம் அல்ல. மிளகாய்த் தூள் கூடத்தான் எரிகிறது!

"ஐஸ் கூல்" என்று எழுதியிருப்பதில் பெரும்பாலும் மெந்தால் இருக்கும். குளிர்ச்சியை உணரும் நரம்பை மெந்தால் தூண்டிவிடுகிறது. நமக்குக் குளிர்ந்த மாதிரி தோன்றும். தோலின் சூடு அப்படியேதான் இருக்கும். சுகமாக இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள், ஆற்றுகிறது என்று மட்டும் நம்பாதீர்கள். சிலருக்கு மெந்தாலே எரிச்சல் தரும்.

எலுமிச்சம்பழம் வேண்டவே வேண்டாம். அதன் சாறு தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் கொப்புளம் வரலாம், கறுப்புத் திட்டு மாதக்கணக்கில் நிற்கலாம். பைக்கில் ஆபீஸ் போகிறவன் முகத்தில் அதைத் தேய்த்துக்கொண்டு கிளம்பலாமா? டெட்டாலையும் தரை, காயம் என்று அதற்குரிய இடத்தில், சொன்ன அளவு தண்ணீர் கலந்து பயன்படுத்துங்கள். தினசரி முகத்துக்கு அது வேண்டாம்.

பன்னீர் நல்லதுதானே என்று கேட்பீர்கள். கல்யாண வீட்டில் தெளிக்க நல்லது. கடையில் கிடைக்கும் பலவற்றில் சேர்த்த வாசனைதான் அதிகம். வாசனைப் பொருள்தான் பலருக்குத் தோல் ஒவ்வாமையே தருகிறது. "டோனர்" என்று இப்போது தி.நகர் கடைகளில் அடுக்கி வைத்திருப்பதும் இதே கணக்குதான். பெயரைப் பார்க்காதீர்கள், பாட்டிலைத் திருப்பிப் பின்பக்கம் படியுங்கள். நம் நாட்டு விதிப்படி பொருள்களை அதிக அளவில் இருப்பதிலிருந்து வரிசையாக எழுத வேண்டும். ஆல்கஹால் முதலில் வந்தால் எரியும். கிளிசரின், கற்றாழை, பாந்தெனால் முன்வரிசையில் இருந்து, வாசனை சேர்க்காதது என்றும் இருந்தால் வாங்கலாம். விலையும் தரமும் ஒன்றல்ல. சாதாரண கிளிசரின் கலந்த வாசனையில்லாத க்ரீமே போதும். பொரிந்து சிவந்திருந்தால் மருந்துக் கடையின் இளஞ்சிவப்பு காலமைன் லோஷன் ஆற்றும்.

சரி, படிகாரம்? என் ஓட்டு அதற்கு உண்டு, ஒரு நிபந்தனையோடு.

தி.நகர் கடை வாசலில் திருஷ்டிக்குக் கறுப்புக் கயிற்றில் தொங்குகிறதே, அதே கல்தான். மயிலாப்பூர் கச்சேரி ரோடு டப்பா செட்டி கடை போன்ற எந்த நாட்டு மருந்துக் கடையிலும் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். வேதியியலில் பொட்டாசியம் அலுமினியம் சல்பேட். கலங்கிய தண்ணீரைத் தெளிய வைப்பதும் இதுதான். வாழைப்பூவைப் பச்சையாகக் கடித்தால் நாக்கு இழுக்கிறதே, அந்தத் துவர்ப்புதான் இதன் குணம். புரதத்தை இறுகச் செய்து சின்ன ரத்தக் கசிவை அடைக்கும். அமிலத்தன்மை உள்ளதால் சோப்பின் காரத்தையும் ஈடுகட்டும். கிருமிகள் பெருகுவதையும் ஓரளவு தடுக்கும். ஈர முகத்தில் ஒருமுறை தடவி, அரை நிமிஷம் விட்டு, கழுவிவிட வேண்டும். அப்படியே காயவிட்டால் தோல் வறண்டு இழுக்கும்.

நிபந்தனை இதுதான்: அந்தக் கல் உங்களுடையதாக மட்டும் இருக்க வேண்டும்.

இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே இதைச் சொல்லத்தான். சலூனில் இப்போது புது பிளேடு போடச் சொல்லி எல்லோரும் கேட்கிறோம். அந்தப் பழக்கத்துக்குப் பின்னால் நம்ம ஊருக்கே ஒரு சரித்திரம் இருக்கிறது. இந்தியாவில் எச்.ஐ.வி. கிருமி முதன்முதலில் 1986-இல் கண்டறியப்பட்டது சென்னையில்தான். மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில், மாணவி செல்லப்பன் நிர்மலா செய்த ஆய்வு அது. அதன் பிறகு வந்த விழிப்புணர்வில் தீட்டும் கத்தி போய், அரை பிளேடு மாட்டும் கத்தி வந்தது.

பிளேடு மாறியது. படிகாரக் கல் மாறவில்லை. காலையிலிருந்து இருபது பேர் முகத்தில் உருண்ட அதே கல், ஈரத்தோடு, உங்கள் புதுக் கீறலில் உருள்கிறது. "படிகாரமே கிருமிநாசினிதானே சார்" என்பார்கள். கிருமி வளர்வதை ஓரளவு தடுப்பது வேறு, கருவியைச் சுத்திகரிப்பது வேறு. மஞ்சள் காமாலை தரும் ஹெபடைடிஸ் பி கிருமி, காய்ந்த ரத்தத்தில் உடம்புக்கு வெளியே குறைந்தது ஏழு நாள் உயிரோடு இருக்கும். குழந்தைகளுக்கு அதன் தடுப்பூசி நாடு முழுவதும் வந்ததே சுமார் 2011-இல்தான். உங்களில் பெரும்பாலோர் அதற்கு முன் பிறந்தவர்கள். போட்டுக்கொண்டோமா என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள். மருக்களும் இப்படித் தொற்றும். பொதுத் துண்டும் பவுடர் பஞ்சும் இதே ரகம், படர்தாமரைக்கு வேறு வழியே வேண்டாம்.

இதற்காக யாரும் சலூன்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். தமிழ்நாட்டில் அந்தத் தொழில் செய்தவர்களுக்கு மருத்துவர் என்றே பெயர். வைத்தியமும் பிரசவமும் அவர்கள் வீட்டில் கைத்தொழிலாக இருந்தது. சுத்தம் என்றால் என்ன என்று அவர்களுக்கு நாம் பாடம் எடுக்க வேண்டியதில்லை. "அண்ணே, கல்லு வேண்டாம், தண்ணி மட்டும் அடிங்க" என்று சொன்னால் போதும், யாரும் கோபிக்க மாட்டார்கள். உங்கள் கல்லைச் சின்ன டப்பாவில் எடுத்துக்கொண்டும் போகலாம். என் மாணவர்களில் சலூன் நடத்துகிறவர்கள் இருக்கிறீர்கள். உங்களுக்கு ஒரு யோசனை: படிகாரத்தைத் தண்ணீரில் கரைத்து ஸ்பிரே பாட்டிலில் வையுங்கள். கல் யார் முகத்தையும் தொடாது, பலன் அதேதான், செலவும் ஏறாது. வாசலில் ஒரு வரி எழுதிப் போட்டால் வாடிக்கையாளர் தேடி வருவார்கள்.

என் வயது நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. இதயத்துக்காக ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சின்ன வெட்டும் நெடுநேரம் கசியும். சர்க்கரை இருப்பவர்களுக்குப் புண் ஆறத் தாமதமாகும். உங்களுக்கு எந்த லோஷனையும்விட ஒரு மின்சார ட்ரிம்மர்தான் நல்ல துணை. மழமழப்பாக இல்லாவிட்டால் பரவாயில்லை. பெண் பார்க்கவா போகிறோம்?

என் தங்கை மகனுக்குச் சொன்னது இவ்வளவுதான். நல்ல தண்ணீர், கூர்மையான பிளேடு, முடியின் போக்கிலேயே சவரம். பிறகு குளிர்ந்த தண்ணீர், வேண்டுமானால் சொந்தப் படிகாரம், கடைசியில் வாசனையில்லாத க்ரீம். எதையும் முதலில் முழங்கையின் உள்பக்கம் தடவி ஒருநாள் பார். இரண்டு வாரத்தில் குறையாவிட்டாலோ, சீழ்க் கட்டி வந்தாலோ, தோல் டாக்டரைப் பார். சுருண்ட முடி உள்ளேயே வளர்ந்து குத்துவதாகக்கூட இருக்கலாம், அதற்குப் பாட்டிலில் மருந்து இல்லை. வாசனை ஆசையா? சட்டையில் போட்டுக்கொள்.

அடுத்த முறை சலூனுக்குப் போகும்போது கல்லை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, என்ன பதில் வந்தது என்று கீழே எழுதுங்கள். தடுப்பூசி விஷயத்தை மறந்துவிடாதீர்கள். வீட்டில் அப்பாவையும் கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்