நூலகத்துக்கு இணையத்தளம் வேண்டும், நமது பிள்ளைகளின் விபரம் சந்தியில் வேண்டாம்

பதிவு கொஞ்சம் நீளம். ஊர் விஷயம் என்பதால் பொறுத்துக்கொண்டு கடைசிவரை வாசியுங்கள். வாசிக்காமல் 'மாஷா அல்லாஹ்' மட்டும் போட்டுவிட்டுப் போக வேண்டாம்.

நமது பொது நூலகத்துக்கு இணையத்தளம் வந்துவிட்டது. திறப்பு விழாப் படங்களை எல்லோரும்தான் பகிர்ந்தோம். நல்ல காரியம். ஒரு புத்தகம் இருக்கிறதா, இரவலில் போயிருக்கிறதா என்று வீட்டிலிருந்தே பார்க்கலாம். தளத்தைச் செய்துகொடுத்த தம்பி ஒரு சதமும் வாங்கவில்லை என்றும் அறிகிறோம். அவருக்கு எங்கள் நன்றி. அவரை நோக்கி யாரும் கல்லெறிய வேண்டாம். தளத்தில் எதைப் போடலாம், எதைப் போடக்கூடாது என்று தீர்மானிக்க வேண்டியவர்கள் பிரதேச சபையும் நூலகக் குழுவும். அவர்கள் அதைப் பற்றி ஐந்து நிமிடமாவது பேசியதாகத் தெரியவில்லை.

இதை ஊகத்தில் சொல்லவில்லை. தளத்தின் அடியில் 'தனியுரிமைக் கொள்கை' என்று ஒரு பக்கம் இருக்கிறது. முழுவதும் ஆங்கிலம். நாங்கள் சில ஆசிரியர்கள் கூடியிருந்து அதை வாசித்தோம். வாங்கிய பொருள் அளவில்லாவிட்டால் திருப்பி அனுப்பலாமாம். கடனட்டை விபரங்கள் பத்திரமாக இருக்குமாம். பொதி அனுப்பும் செலவு வாடிக்கையாளரைச் சேர்ந்ததாம். ஏதோ ஒரு சப்பாத்துக் கடையின் கொள்கையை அப்படியே எடுத்து ஒட்டியிருக்கிறார்கள்! அதற்குப் பக்கத்தில் 'பதிப்புரிமை' என்று இன்னொரு பக்கம். அதில் ஒரே வரி. தளத்தில் உள்ள அனைத்தும் சபைக்கே சொந்தம், அனுமதியின்றிப் பிரதி செய்யக் கூடாது என்று. மற்றவருடைய கொள்கையைக் கொப்பியடித்து ஒட்டிவிட்டு, பக்கத்திலேயே இப்படி எழுதுவதற்கும் ஒரு துணிச்சல் வேண்டும்.

சிரித்துவிட்டுப் போயிருப்போம். ஆனால் மேலே என்ன இருக்கிறது என்று பார்த்த பிறகு சிரிப்பு வரவில்லை.

அங்கத்தவராகச் சேர ஒரு படிவம். பெயர், முகவரி, தொலைபேசி சரி. அடையாள அட்டை இலக்கம், பிறந்த திகதி, சமயம், தகப்பனின் தொழில், பாடசாலை, வகுப்பு, படம். ஒரு கதைப் புத்தகத்தை இரண்டு கிழமைக்கு இரவல் எடுக்க வாப்பாவின் தொழில் எதற்கு? நிரப்பிய விபரமெல்லாம் கூகுளில் ஒரு அட்டவணையில் போய் விழுகிறது. அந்த அட்டவணையின் இணைப்பு யார் கையில் இருந்தாலும் திறந்து பார்க்கலாம் என்ற நிலையில் பல நாட்கள் கிடந்தது. அந்த இணைப்பு ஊர் வட்ஸ்அப் குழுமம் ஒன்றிலும் வந்தது. நாங்கள் சொன்ன பிறகுதான் மூடினார்கள். அதற்குள் எத்தனை பேர் இறக்கி வைத்துக்கொண்டார்களோ, அல்லாஹ்தான் அறிவான்.

'இலக்கம்தானே, அதில் என்ன இருக்கு' என்று ஒரு காக்கா கேட்டார். உங்கள் அடையாள அட்டையை எடுத்துப் பாருங்கள். புதிய 12 இலக்கத்தில் முதல் நான்கும் பிறந்த வருடம். அடுத்த மூன்றும் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அதனோடு 500 கூட்டப்பட்டிருக்கும். அதாவது அந்த ஒரு வரியிலேயே உங்கள் மகளின் வயதும் பிறந்த நாளும், அது பெண்பிள்ளை என்பதும் கிடக்கின்றன. பக்கத்தில் தொலைபேசி இலக்கமும் முகவரியும் படமும் வேறு. சிம் அட்டையிலிருந்து வங்கிக் கணக்கு வரைக்கும் அந்த இலக்கத்தை வைத்துத்தான் நம்மை அடையாளம் காண்கிறார்கள். அதைச் சந்தியில் ஒட்டுவார்களா?

இதைவிட மோசமானது முகப்புப் பக்கத்தில் இருக்கிறது. 'அண்மையில் இரவல் பெறப்பட்டவை' என்று தலைப்புப் போட்டு, புத்தகத்தின் பெயருக்கு நேரே எடுத்தவரின் பெயர். வாசிப்பை ஊக்குவிக்கிறார்களாம்.

நமது ஊர் எவ்வளவு பெரியது என்று எல்லோருக்கும் தெரியும். காலையில் மீன் வாங்கினால் என்ன மீன் என்று அஸருக்கு முன் பக்கத்துத் தெருவுக்குத் தெரிந்துவிடும். இந்த ஊரில், 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டத்தைப் பற்றிய நூலை ஒரு பெண் எடுக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் பரீட்சைக்குப் படிக்கலாம், சகோதரிக்காகப் பார்க்கலாம், தனக்காகவே பார்க்கலாம். இரவுக்குள் அவளுடைய மாமியார் வீட்டில் என்ன பேச்சு நடக்கும்? மகன் ஐஸ் போதையில் விழுந்துவிட்டான் என்று சந்தேகப்படும் ஒரு தகப்பன், யாரிடமும் கேட்க வெட்கப்பட்டு நூலகத்துக்குப் போய் போதைப்பொருள் பற்றி ஒரு புத்தகம் எடுக்கிறார். புற்றுநோய் என்று வைத்தியர் சொன்ன ஒருவர் வீட்டில் சொல்லுமுன் வாசித்துத் தெரிந்துகொள்ள நினைக்கிறார். இவர்கள் எல்லோரும் அடுத்த தடவை என்ன செய்வார்கள்? நூலகத்துக்குப் போகமாட்டார்கள். அவ்வளவுதான். யாருக்கு நூலகம் மிகவும் தேவையோ, அவர்களைத்தான் முதலில் விரட்டுகிறோம்.

இன்னொன்றையும் வெளிப்படையாகப் பேச வேண்டும். பேசாமல் விட்டால் இந்தப் பதிவுக்கே அர்த்தமில்லை.

2019 ஏப்ரலுக்குப் பிறகு நமது வீடுகளில் என்ன நடந்தது என்பதை யாரும் மறந்திருக்க முடியாது. அரபு எழுத்து இருந்தால் போதும் என்ற பயத்தில் எத்தனை வீட்டு அலுமாரிகள் காலியாகின! எரித்தார்கள், புதைத்தார்கள், கிணற்றில் போட்டார்கள். அடுத்த வருடம் மே மாதத்தில் அஹ்னஃப் ஜஸீம் என்ற இளம் ஆசிரியர் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதானார். அவருக்கு எதிராகக் காட்டப்பட்டவற்றில் முதன்மையானது 'நவரசம்' என்ற தமிழ்க் கவிதைத் தொகுப்பு. அவரே எழுதியது. 2021 டிசம்பரில்தான் பிணை கிடைத்தது. 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. ஒரு கவிதைப் புத்தகத்துக்காக அந்த இளைஞனின் எத்தனை வருடம் போனது என்று எண்ணிப் பாருங்கள்.

அந்த நாட்களில் நமது நூலகத்தில் யார் எதை எடுத்தார்கள் என்று ஒரு பட்டியல் இணையத்தில் கிடந்திருந்தால்? யாரும் வாசலுக்கு வந்து கேட்கக்கூடத் தேவையில்லை. கொழும்பில் இருந்துகொண்டே பார்த்திருப்பார்கள். இன்று நிலைமை அமைதியாக இருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் இணையத்தில் ஏறிய பட்டியல் நிலைமை மாறும்போது தானாக இறங்கிவிடாது.

'நாம் தப்புச் செய்யவில்லை, நமக்கு மறைக்க என்ன இருக்கு' என்கிறார்கள். அஹ்னஃப் என்ன தப்புச் செய்தார்? வீட்டுக்குக் கதவு போடுபவர்கள் எல்லோரும் உள்ளே திருட்டுச் சாமான் வைத்திருப்பவர்களா? ஒருவர் என்ன வாசிக்கிறார் என்பது அவருக்கும் நூலகருக்கும் இடையிலுள்ள அமானிதம். நூலகர்களுக்கு இது புதிதும் அல்ல. நூலகச் சங்கங்களின் சர்வதேச அமைப்பான இஃப்லா 2012இல் வெளியிட்ட ஒழுக்கக் கோவையிலும் வாசகரின் அந்தரங்கம் பேணப்பட வேண்டும் என்றே இருக்கிறது.

நாட்டிலும் சட்டம் இருக்கிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம். தேவைக்கு மேல் கேட்காதே, கேட்ட நோக்கத்துக்கு வெளியே பயன்படுத்தாதே, தேவை முடிந்தால் வைத்திருக்காதே என்பதுதான் அதன் சாரம். அரச நிறுவனங்களுக்கும் பொருந்தும். சமய நம்பிக்கையையும் பிள்ளைகளின் விபரங்களையும் விசேட கவனத்துக்குரிய வகையில் அது வைத்திருக்கிறது. அதன் முக்கிய பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வர இருந்து பின்தள்ளப்பட்டன. அதைப் பிடித்துக்கொண்டு, 'சட்டம் முழுசாக வரல்லையே சேர்' என்று சபையில் ஒருவர் சொன்னாராம். பொலிஸ்காரர் நிற்காத சந்தியில் சிவப்பு விளக்கைத் தாண்டிப் போகிறவரின் நியாயம் இது.

'இம்மாதத்தின் சிறந்த வாசகி' என்று தரம் 7 பிள்ளையின் படத்தைப் பாடசாலைப் பெயரோடு போட்டிருப்பதைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. உம்மாவையோ வாப்பாவையோ கேட்டீர்களா? கேட்கவில்லை. எடுங்கள்.

இனிப் புத்தகங்கள்.

நமது பகுதி எழுத்தாளர்களின் நூல்களை முழுசாக ஸ்கேன் பண்ணி பிடிஎப் ஆக ஏற்றியிருக்கிறார்கள். ஒவ்வொரு பக்கத்திலும் குறுக்காகச் சபையின் முத்திரை. எழுதியவர்களில் உயிரோடிருக்கும் மூவரிடம் பேசினோம். மூவரிடமும் யாரும் கேட்கவில்லை. ஒருவருக்கு நாங்கள் சொல்லித்தான் தெரியும்.

எங்கள் ஊர்களில் ஒரு புத்தகம் எப்படி வருகிறது? பதிப்பகம் காசு கொடுத்துப் போடுவதில்லை. எழுதியவரே கடன்பட்டு, சில வேளை மனைவியின் நகையை அடகு வைத்து, 300 அல்லது 500 பிரதி அடிக்கிறார். வெளியீட்டு விழாவில் ஒரு ஹாஜியார் முதற் பிரதி வாங்குவார், படம் பிடிப்பார்கள். மிச்சம் கட்டிலுக்குக் கீழே. அதில் இரண்டொன்று விற்றால்தான் அச்சகக் கடன் கட்டலாம். நூலகம் வாங்கியது ஒரேயொரு பிரதி. அதை வைத்துக்கொண்டு உலகத்துக்கே இலவசமாகக் கொடுத்தால் கட்டிலுக்குக் கீழே இருப்பதை இனி யார் வாங்குவார்?

'அறிவைப் பரப்புவது சதகத்துல் ஜாரியா' என்று பதில் சொல்கிறார்கள். சதகா கொடுப்பதென்றால் தன் பொருளிலிருந்து கொடுக்க வேண்டும். பக்கத்து வீட்டுத் தென்னையில் தேங்காய் பறித்துப் பள்ளிவாசலுக்குக் கொடுப்பவரை ஊர் என்ன பெயர் சொல்லி அழைக்கும்?

2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம் தெளிவாகவே இருக்கிறது. எழுதியவர் இருக்கும்வரையும், மறைந்து 70 வருடமும் உரிமை நிற்கும். சித்திலெப்பை மறைந்தது 1898இல். அவருடைய 'அசன்பே சரித்திரம்' 1885இல் வந்தது. அதைத் தாராளமாக ஏற்றலாம், யாரையும் கேட்கத் தேவையில்லை. காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் மறைந்தது 1947இல். அவருடைய எழுத்துக்கும் காலம் முடிந்துவிட்டது. ஆனால் அறிஞர் ஏ. எம். ஏ. அஸீஸ் மறைந்தது 1973இல். அவருடைய 'இலங்கையில் இஸ்லாம்' நூலை ஏற்றுவதென்றால் 2043 முடியும்வரை உரிமையுள்ளவர்களிடம் கேட்டாக வேண்டும். தளத்தில் என்ன நடந்திருக்கிறது தெரியுமா? யாரையும் கேட்கத் தேவையில்லாத பழைய நூல் ஒன்றுகூட அங்கே இல்லை. கேட்டே ஆக வேண்டிய நூல்கள் மட்டும் வரிசையாக இருக்கின்றன!

சட்டம் நூலகத்தின் கையைக் கட்டிப்போடவும் இல்லை. படிப்புக்காக ஒருவர் கேட்டால் ஒரு கட்டுரையையோ சிறு பகுதியையோ பிரதி எடுத்துக் கொடுக்கலாம். அழிந்துபோகும் நூலைப் பாதுகாக்கப் பிரதி எடுக்கவும் இடமிருக்கிறது. நாங்கள் வகுப்பில் ஒரு பந்தியைப் போட்டோகொப்பி போட்டுக் கொடுப்பதும் நியாயமான பயன்பாடுதான். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்ததையும், 2004 சுனாமியில் நமது கரையோர வீடுகளின் அலுமாரிகள் கடலோடு போனதையும் அறிந்த எவரும் ஸ்கேன் பண்ணாதே என்று சொல்லமாட்டார். பண்ணுங்கள், பத்திரமாக வையுங்கள். இணையத்தில் திறந்துவிடுவதற்கு மட்டும் கேளுங்கள். 2005இல் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகம் எழுத்தாளர்களிடம் அனுமதி கேட்டுக் கேட்டுத்தான் ஈழத்து நூல்களை ஆயிரக்கணக்கில் சேர்த்தது. பெரும்பாலான எழுத்தாளர்கள் சம்மதிப்பார்கள். தங்களை யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான் பலர் இருக்கிறார்கள்.

எங்கள் சொந்தக் குறையையும் சொல்லிவிடுகிறோம். இப்பகுதி ஆசிரியர்கள் தயாரித்த மாதிரி வினாத்தாள்கள் தளத்தில் இருக்கின்றன. தலைப்பில் இருந்த ஆசிரியர் பெயர் வெட்டப்பட்டு அந்த இடத்தில் சபை முத்திரை. வினாத்தாளுக்கு எங்களுக்குக் காசு வேண்டாம், பிள்ளைகள் எடுத்துப் படிக்கட்டும். பெயரை ஏன் வெட்டினீர்கள்? படைத்தவரின் பெயர் அவருடைய படைப்போடு நிற்க வேண்டும் என்பது அதே சட்டத்தில் தனி உரிமையாகவே இருக்கிறது.

ஆகவே சபையிடம் கேட்பது இதுதான். இரவல் பட்டியலையும் பிள்ளைகளின் படங்களையும் இன்றைக்கே எடுங்கள். படிவத்தில் பெயர், முகவரி, தொலைபேசி போதும். பிணையாளர் கையொப்பம் முன்பு போல் காகிதத்தில் இருக்கட்டும். புத்தகம் திரும்பி வந்ததும் எடுத்தவர் பெயர் அதிலிருந்து அழிய வேண்டும். யார் வந்து கேட்டாலும், எந்த உடுப்பில் வந்தாலும், நீதிமன்றக் கட்டளை இல்லாமல் வாசகர் விபரம் கொடுப்பதில்லை என்று எழுத்தில் போடுங்கள். நூலகரைத் தனியே அந்த நெருக்கடிக்குள் தள்ளாதீர்கள், அவரும் பிள்ளைகுட்டிக்காரர். அனுமதி இல்லாத நூல்களை இறக்கி, எழுத்தாளர்களுக்கு ஒரு பக்கக் கடிதம் அனுப்புங்கள். முடியாது என்பவருடையதை விடுங்கள், சம்மதிப்பவருடையதை அவர் பெயரோடு ஏற்றுங்கள். இரண்டு கொள்கைகளையும் உம்மாமாருக்கும் விளங்கும் தமிழில் எழுதுங்கள். எழுதித் தருவதற்கு நாங்கள் தயார், ஒரு பின்னேரம் போதும்.

மனு பாடசாலைக்கு முன்னால் உள்ள போட்டோகொப்பிக் கடையில் இருக்கிறது. கையொப்பம் மட்டும் போதும், அடையாள அட்டை இலக்கம் எழுத வேண்டாம். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு தவிசாளரிடம் கொடுக்கிறோம். அன்றே, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சபையின் தகவல் அலுவலருக்கும் ஒரு விண்ணப்பம் போகிறது. அந்த அட்டவணை எத்தனை நாள் திறந்து கிடந்தது, இப்போது அது யார் கையில் இருக்கிறது என்று. 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். வரும் பதிலை இங்கேயே போடுகிறோம்.