குதிரை முட்டையும் சாரணர் கத்தியும்

பரமார்த்த குருவின் சீடர்கள் கதையைக் கேட்டிருப்பீர்கள். பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று ஒருவன் சொன்னான். அதை நம்பிக் காசு கொடுத்தார்கள். காய் விழுந்து உடைந்தது. புதரிலிருந்து ஒரு முயல் ஓடியது. குதிரைக்குட்டி தப்பிவிட்டது என்று அதன் பின்னால் ஓடினார்கள்!

இந்தக் கதையைத் தமிழுக்குத் தந்தவர் வீரமாமுனிவர். அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சியில் 18-ஆம் நூற்றாண்டில் தொண்டு செய்தவர்.

குதிரை முட்டை வியாபாரம் இன்னும் நிற்கவில்லை. "பழசு ஐயா, அபூர்வம் ஐயா" என்று சொன்னால் போதும், நாம் பணப்பையைத் திறந்துவிடுகிறோம்.

அமெரிக்கச் சாரணர் மடக்குக் கத்தியையே பாருங்கள். அந்நாட்டில் சாரணர் இயக்கம் 1910-இல் தொடங்கியது. அடுத்த ஆண்டே சாரணர்களுக்கென்று கத்தி வந்துவிட்டது. கத்தி, டப்பா திறப்பான், திருப்புளி, தோலில் துளை போடும் ஊசி ஆகிய நான்கும் ஒரே பிடிக்குள் மடங்கும். இதைத் தேடிச் சேர்ப்பவர்கள் பலர்.

அவர்கள் எப்படி மதிப்புப் போடுகிறார்கள்? வயதை மட்டும் பார்ப்பதில்லை. அலகின் அடியில் உள்ள முத்திரையை முதலில் பார்க்கிறார்கள். செய்த கம்பெனியை அதுதான் சொல்லும். நியூயார்க் கத்திக் கம்பெனி 1931-இல் மூடப்பட்டது. அதன் கத்தி நல்ல நிலையில் கிடைப்பது அரிது. ரெமிங்டன் கம்பெனியோ 1920-களிலும் 1930-களிலும் ஏராளமாகச் செய்து விற்றது. அவையும் பழசுதான். ஆனால் தேடினால் அடிக்கடி கிடைக்கும். பழசு வேறு, அபூர்வம் வேறு!

தீட்டித் தீட்டி அலகு தேய்ந்திருந்தால் மதிப்புக் குறையும். பிடி மாற்றியிருந்தாலும் குறையும். பளபளப்பாக்குகிறேன் என்று தேய்த்து முத்திரையை அழித்தால் பாதி மதிப்பு போய்விட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கத்தி சேர்ப்பது வீண் வேலை என்று நான் சொல்லமாட்டேன். ஒரு பொருளை உற்றுப் பார்க்கவும், கேள்வி கேட்கவும் அது பிள்ளைகளுக்குக் கற்றுத் தரும். பணம் பண்ணலாம் என்று இறங்கினால்தான் ஆபத்து.

உங்கள் வீட்டிலும் தாத்தாவின் பேனாக்கத்தியோ பாட்டியின் பாக்குவெட்டியோ கிடக்கலாம். பழைய இரும்புக்காரரிடம் எடை போடுவதற்கு முன் ஒரு தடவை திருப்பிப் பாருங்கள். எழுத்து ஏதாவது தெரிகிறதா? யார் வாங்கியது, எப்போது வாங்கியது என்று பெரியவர்களைக் கேட்டு எழுதி வையுங்கள். கடையில் அதற்கு விலை இல்லாமல் போகலாம். குடும்பத்துக்கு அது ஒன்றுதானே உண்டு?

விற்பவன் சொல்லும் கதையை வாங்காதீர்கள். கையிலுள்ள பொருளைப் பார்த்து வாங்குங்கள். அப்படிச் செய்தால் முயலைத் துரத்தி ஓட வேண்டியிருக்காது!