பழுதான காரை யார் திருப்பி எடுப்பது?

 

எங்கள் ஆசிரியர் அறையில் இப்போது இடைவேளைக் கதை முழுக்க வாகனம்தான். 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் திறந்துவிட்டார்கள். அன்றிலிருந்து இளம் ஆசிரியர்கள் என்னிடம், "சேர், எந்தக் கார் எடுக்கலாம்?" என்று கேட்கிறார்கள். நான் ஒரு கேள்வியைத்தான் திருப்பிக் கேட்பேன்: "அது பழுதான காராக வந்து சேர்ந்தால் யார் திருப்பி எடுப்பார்கள் என்று கேட்டீங்களா?" சிரிக்கிறார்கள். புதுக் கார் எப்படி சேர் பழுதாகும்?

ஆகும். எனக்கு ஆனது.

2018இல் லீசிங்கில் ஒரு சின்னப் புதுக் கார் எடுத்தேன். கம்பனியின் பெயரோ முகவரின் பெயரோ எழுதப்போவதில்லை. யாரையும் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. அப்போது எனக்கு வீடு வவுனியாவில், பாடசாலை ஒட்டுசுட்டான் பக்கம். விடியப்புறம் வெளிக்கிட்டு, மாங்குளத்தில் இறங்கி, அடுத்த பஸ்ஸுக்குக் காத்து நின்று போகவேண்டும். அந்தக் கஷ்டத்துக்குத்தான் கார்.

இரண்டாம் மாதமே தொடங்கிவிட்டது. எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு கியர் மாறும்போது வண்டி உதறும். கொஞ்சத் தூரத்தில் அப்படியே நின்றுவிடும். பத்து நிமிடம் ஆறவிட்டால் ஒன்றும் நடக்காதது போல ஓடும். ஒருநாள் ஏ-9 வீதியில் இப்படி நின்றபோது பின்னால் வந்த லொறி ஒரு முழ இடைவெளியில் பிறேக் பிடித்தது. பின் சீட்டில் என் மகள் இருந்தாள்.

முகவரின் சேர்விஸ் நிலையம் வேறு மாவட்டத்தில். பதினொரு மாதத்தில் ஐந்து தடவை போனேன். முதல் தடவை, "கொம்பியூட்டரில் பிழை ஒன்றும் காட்டவில்லை" என்றார்கள். இரண்டாம் தடவை மென்பொருளைப் புதுப்பித்துத் தந்தார்கள். பிறகு ஒரு பாகத்தை மாற்றினார்கள். அதற்குப் பிறகு இன்னொன்று. ஒவ்வொரு தடவையும் கார் அங்கே நாட்கணக்கில் நிற்கும், நான் மாங்குளம் சந்தியில் பஸ்ஸுக்கு நிற்பேன். லீசிங் தவணை மட்டும் ஒருநாளும் பழுதாகாமல் திகதிக்கு வந்தது.

ஐந்தாம் தடவை, "காரை நீங்களே எடுத்துக்கொண்டு காசைத் தாருங்கள்" என்று கேட்டேன். "வொறண்டி பாகத்துக்குத்தான் சேர், வாகனத்துக்கு இல்லை" என்று பதில் வந்தது. அந்த வசனம் அன்றிலிருந்து மனதில் நிற்கிறது. அப்படித்தான் சட்டமும் சொல்கிறதா என்று தேடிப் படித்தேன்.

எங்கள் நாட்டுச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 13ஆம் பிரிவைப் பாருங்கள். கொடுத்த உத்தரவாதத்துக்கு ஏற்றதாகப் பொருள் இல்லையென்றால் அதிகார சபையிடம் முறையிடலாம். விசாரணையில் அது நிரூபணமானால், நட்டஈடு கொடு, அல்லது பொருளை மாற்றிக் கொடு, அல்லது வாங்கிய காசைத் திருப்பிக் கொடு என்று உற்பத்தியாளருக்கோ வியாபாரிக்கோ அதிகார சபை கட்டளையிடலாம். காசைத் திருப்பிக் கொடுப்பது என்பது எங்கள் சட்டத்திலேயே இருக்கிறது.

ஆனால் அதே பிரிவு இன்னொன்றும் சொல்கிறது. முறைப்பாட்டை விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். பழுது தெரிந்த நாளிலிருந்து மூன்று மாதம் இல்லை. விற்ற நாளிலிருந்து மூன்று மாதம்.

நான் விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். இரண்டாம் மாதம் பழுது தெரிந்தது. "அடுத்த முறை சரியாகிவிடும்" என்று அவர்கள் சொன்னதை நம்பி நான் பொறுமையாக இருந்த காலத்தில் என் மூன்று மாதமும் முடிந்துவிட்டது. சண்டைக்காரன் தப்பினான், பொறுமைக்காரன் மாட்டினான். ஒரு வானொலிப் பெட்டிக்கு மூன்று மாதம் போதுமாக இருக்கலாம். ஒரு காரின் குறை வெளிவர ஒரு கோடையும் ஒரு மாரியும் போகவேண்டும்.

இனி எங்கள் மார்க்கம் இதைப்பற்றி என்ன சொல்கிறது என்று பார்ப்போம். நான் மௌலவி இல்லை. எல்லோருக்கும் தெரிந்த ஹதீஸைத்தான் சொல்கிறேன். ஆட்டையோ ஒட்டகத்தையோ விற்பதற்கு முன் சில நாள் பால் கறக்காமல் விட்டு, மடி நிறைந்தது போலக் காட்டி விற்பதை நபிகளார் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அப்படி வாங்கி ஏமாந்தவருக்கு மூன்று நாள் உரிமை கொடுத்தார்கள். விரும்பினால் வைத்துக்கொள்ளலாம். விரும்பாவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம். திருப்பிக் கொடுக்கும்போது, தான் கறந்து எடுத்த பாலுக்காக ஒரு ஸாஉ பேரீச்சம்பழமும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

இரண்டு பக்கமும் பாருங்கள். ஏமாந்தவன் ஆட்டோடு மாட்டிக்கொண்டு கிடக்கத் தேவையில்லை. விற்றவனும் கறந்த பாலை இழக்கத் தேவையில்லை. மூன்று நாள் ஏன்? இரண்டு மூன்று தடவை கறந்து பார்த்தால்தான் மடியின் உண்மை தெரியும். எந்தப் பொருளின் குறை எவ்வளவு காலத்தில் வெளிவருமோ அந்தக் காலத்தை வாங்கியவனுக்குக் கொடு என்பதுதான் எனக்கு விளங்கும் கருத்து. ஆட்டுக்கு மூன்று நாள் சரி. காருக்கு?

அமெரிக்காவில் பழுதான புதுக் காருக்கு 'லெமன்' என்று பெயர். 1982இல் கனெக்டிகட் மாநிலம் முதன்முதலாக 'லெமன் சட்டம்' கொண்டுவந்தது. பிறகு மற்ற மாநிலங்களும் கொண்டுவந்தன. பொதுவான கணக்கு இதுதான்: குறித்த காலத்துக்குள் ஒரே பழுதை நான்கு தடவை பார்த்தும் சரிவரவில்லை, அல்லது வாகனம் மொத்தம் 30 நாள் கராஜிலேயே நின்றது என்றால், உற்பத்தியாளர் வேறு கார் கொடுக்க வேண்டும் அல்லது காரைத் திருப்பி வாங்க வேண்டும். கலிபோர்னியாவில் முதல் பழுதுக்கு முன் ஓடிய தூரத்துக்கு ஒரு தொகையைக் கழித்துக்கொள்வார்கள். அந்த ஒரு ஸாஉ பேரீச்சம்பழம் எனக்கு ஞாபகம் வந்தது. கறந்த பாலுக்குப் பழம், ஓடிய மைலுக்குக் கழிவு.

இன்னொன்றும் அங்கே உண்டு. திருப்பி வாங்கிய காரைக் கம்பனி மறுபடி விற்றால், அது லெமன் என்று வாகனப் பத்திரத்திலேயே பதிய வேண்டும். கலிபோர்னியாவில் கதவுச் சட்டத்தில் ஒட்டியும் விடுவார்கள். அடுத்து வாங்குகிறவர் கண் திறந்து வாங்கட்டும் என்று.

சிங்கப்பூரில் 2012 செப்டெம்பர் முதல் இப்படி ஒரு சட்டம் இருக்கிறது. கையில் கிடைத்து ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது ஆரம்பத்திலேயே இருந்த குறை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். இல்லை என்று நிரூபிப்பது விற்றவரின் வேலை. பாவித்த வாகனத்துக்கும் இது பொருந்தும்.

பக்கத்து இந்தியாவில் நீதிமன்றம் வழியாகத்தான் ஒவ்வொருவரும் போராடியிருக்கிறார்கள். 2006இல் மாருதி வழக்கொன்றில், உத்தரவாதம் பாகத்தை மாற்றுவதற்குத்தான், முழுக் காரையும் மாற்றக் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. எனக்குச் சொன்ன அதே பதில். ஆனால் 2022இல், விபத்தில் காற்றுப்பை விரியாத ஹூண்டாய் கார் வழக்கில், காரை மாற்றிக் கொடுக்கச் சொன்ன நுகர்வோர் ஆணையத்தின் உத்தரவை அதே நீதிமன்றம் உறுதிப்படுத்தியது.

ஹைதராபாத் வழக்கு ஒன்று இருக்கிறது. ஒரு நிறுவனம் 2009 செப்டெம்பர் 25இல் பிஎம்டபிள்யூ கார் வாங்கியது. நாலே நாளில் கோளாறு. 2012இல் புதுக் கார் கொடுக்கும்படி உயர் நீதிமன்றம் சொன்னது. கம்பனியும் கொடுக்க முன்வந்தது. வாங்கியவர்களோ வட்டியுடன் காசு கேட்டார்கள். வழக்கு இழுபட்டு, 2024 ஜூலை 10இல்தான் 50 இலட்சம் இந்திய ரூபா கொடுத்து முடிக்கும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கிட்டத்தட்ட பதினைந்து வருடம். வக்கீல் வைக்க வசதியுள்ள நிறுவனத்துக்கே இதுதான் கதி. ஓர் ஆசிரியரோ முச்சக்கர வண்டி ஓட்டும் தம்பியோ பதினைந்து வருடம் வழக்குப் பேச முடியுமா?

சரி, கம்பனி திருப்பி எடுக்காவிட்டால் அந்தக் கார் எங்கே போகும்? நான் இதை எழுதுவதே இந்த ஒரு கேள்விக்காகத்தான்.

என் காரை விற்றுத்தருகிறேன் என்று ஒரு தரகர் வந்தார். நல்ல மனிசர்தான். அவர் சொன்ன வழி இது: "கழுவித் துடைச்சு வையுங்க சேர். காலமையில ஆளைக் கூட்டிவாறன். குளிர்ந்த எஞ்சினில ஒரு சுற்று ஓடட்டும். சூடேற முன்னம் கையெழுத்து வாங்கிடலாம்." சொன்னபடி ஒரு பெடியனைக் கூட்டிவந்தார். முல்லைத்தீவுப் பக்கம். வெளிநாட்டில் இருக்கும் அக்கா அனுப்பிய காசோடு வந்திருந்தான். ஹயர் ஓடப் போகிறேன் என்றான்.

நான் மனிதன். எனக்கும் கடன் இருந்தது. பேசாமல் இருந்தால் கார் அன்றைக்கே போயிருக்கும். காலை நேரத்து ஓட்டம் நன்றாகத்தான் இருந்தது, கறக்காமல் விட்ட மடி போல. ஆனால் அந்த லொறியும் பின் சீட்டும் கண்ணுக்குள் வந்தன. "தம்பி, இது சூடேறினால் நடு வீதியில் நிற்கும்" என்று சொல்லிவிட்டேன். பெடியன் நன்றி சொல்லிவிட்டுப் போனான். தரகர் அதற்குப் பிறகு என் போனை எடுக்கவில்லை.

கடைசியில் குறையைத் தெரிந்துகொண்டே ஒரு கராஜ்காரர் வாங்கினார். அந்தக் காசு லீசிங்கை அடைக்கக் காணவில்லை. மிச்சத்துக்குக் கடன் எடுத்துக் கட்டினேன். இல்லாத காருக்காக இரண்டு வருடம் சம்பளத்தில் வெட்டினார்கள்.

இதை என் நல்ல குணத்தைக் காட்டச் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் இரண்டு வருடச் சம்பளத்தைக் கொடுத்து நேர்மையாக இருக்கவேண்டும் என்று எதிர்பார்ப்பது ஒரு சட்டமாகாது. அதனால் பெரும்பாலானோர் கழுவித் துடைத்துக் கைமாற்றுகிறார்கள். கொழும்பில் முதல் கை, இரண்டாம் கை. அப்படியே இறங்கி இறங்கி, பழைய வாகனங்கள் கடைசியில் வந்து நிற்கும் இடங்களில் வன்னியும் ஒன்று. யுத்தத்தில் எல்லாவற்றையும் இழந்து, வெளிநாட்டுக் காசிலோ லீசிங்கிலோ முதன்முதலாக ஒரு வாகனம் எடுக்கும் குடும்பத்தின் தலையில் அது விழுகிறது. தொழிற்சாலையில் நடந்த பிழைக்கு அந்தக் குடும்பம் காசு கட்டுகிறது. உற்பத்தியாளர் திருப்பி எடுக்காத பழுது மறைந்துபோவதில்லை. தட்டிக்கேட்க முடியாதவன் கையில் போய் முடிகிறது.

திருப்பி எடுத்தால் வாகன விலை கூடும், ஆட்கள் ஏமாற்றுவார்கள் என்று வியாபாரிகள் சொல்வார்கள். அந்தப் பயம் பொய்யில்லை. அதற்குத்தான் நான்கு தடவை, 30 நாள், ஓடிய தூரத்துக்குக் கழிவு என்று அளவு வைத்திருக்கிறார்கள். ஜப்பானிலிருந்து பாவித்து வரும் வாகனத்துக்கு உற்பத்தியாளரைத் தேடிப்போக முடியாது என்பார்கள். உண்மை. அப்படியென்றால் இறக்குமதி செய்து இலாபம் எடுத்தவர் பதில் சொல்லட்டும்.

எங்கள் பாராளுமன்ற உறுப்பினர்களிடம் நான் கேட்பது பெரிய விசயம் இல்லை. வாகனத்துக்கு அந்த மூன்று மாதத்தை ஒரு வருடமாக்குங்கள். எத்தனை தடவை திருத்தியும் சரிவராவிட்டால் திருப்பி எடுக்கவேண்டும் என்று எண்ணிக்கையை எழுதுங்கள். திருப்பி எடுக்கும்போது லீசிங் கணக்கை விற்றவரும் லீசிங் கம்பனியும் தங்களுக்குள் முடிக்கட்டும். திருப்பி எடுத்த வாகனத்தின் பதிவுப் புத்தகத்தில் அதைக் குறியுங்கள்.

அதுவரைக்கும், புதுக் கார் எடுக்கும் தம்பி தங்கைகளே, பற்றுச்சீட்டையும் உத்தரவாதப் பத்திரத்தையும் பிரதி எடுத்து வையுங்கள். சேர்விஸுக்குப் போனால் என்ன பழுது என்று உங்கள் வார்த்தையிலேயே வேலை அட்டையில் எழுதச் சொல்லி, ஒரு பிரதி வாங்காமல் வராதீர்கள். வெளியில் ஒரு நல்ல மெக்கானிக்கிடம் காட்டி எழுத்தில் வாங்குங்கள். அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அடித்துக் கேட்கலாம். ஆனால் முறைப்பாடு எழுத்தில் இருக்கவேண்டும், பதிவுத் தபாலில் போகட்டும். கோபத்தில் தவணையை நிறுத்தாதீர்கள், வாகனத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

முக்கியமாக, "அடுத்த முறை சரியாகிவிடும்" என்று யாராவது சொன்னால், சரி என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து அன்றைக்கே முறைப்பாட்டை எழுதுங்கள். பிறகு கார் சரியாகிவிட்டால் அல்ஹம்துலில்லாஹ், முறைப்பாட்டை வாபஸ் வாங்கலாம். போன மூன்று மாதத்தைத் திருப்பி வாங்க முடியாது.