கூலியை எழுதாத விலைக் கணக்கு



"நெல்லை அரசாங்கம் வாங்கத் தேவையில்லை. வவுனியா விலையும் கொழும்பு விலையும் சேர்ந்தே ஏறி இறங்குது, சந்தை தானே சரிசெய்யும்" என்று படித்தவர்கள் சிலர் வரைபடம் காட்டிப் பேசுகிறார்கள். பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பிக்கிற நாங்கள் இதற்குப் பதில் சொல்லியே ஆகவேண்டும்.

இரண்டு ஊர் விலை சேர்ந்து அசைந்தால், ஊருக்கு ஊர் வியாபாரம் நடக்கலாம் என்றுதான் அர்த்தம். ஏழையின் அடுப்பில் சோறு வேகிறது என்று அர்த்தமில்லை.

எங்கள் வீதியிலிருந்தே தொடங்குவோம். 1876-78இல் சென்னை மாகாணத்தில் பெரும் பஞ்சம். ரயில் ஓடியது, தந்தி இருந்தது, தானிய வியாபாரம் தடையில்லாமல் நடந்தது. கூலி மட்டும் விலையோடு ஏறவில்லை. 1877இல் நிவாரண வேலைக்கு றிச்சர்ட் டெம்பிள் குறைத்து வைத்த நாட்கூலி, ஒரு ஆணுக்கு ஒரு இறாத்தல் தானியமும் சில்லறைக் காசும். பல இலட்சம் பேர் செத்தார்கள். அந்த ஒரு வருடத்தில் மட்டும் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இலங்கைக்கு வந்தார்கள். மன்னாரில் இறங்கி மதவாச்சிப் பக்கம் நடந்தவர்கள் எங்கள் பக்கத்துக் காடுகளைத்தான் கடந்தார்கள்.

1943 வங்காளத்தில் ஏறத்தாழ 30 இலட்சம் பேர் மாண்டார்கள். அந்த வருட உணவு இருப்பு, பஞ்சமில்லாத 1941ஐ விடக் குறைவில்லை என்று அமர்த்தியா சென் 1981இல் காட்டினார். விழுந்தது கூலிக்காரரின் வாங்கும் சக்தி. 1974 வங்கதேசப் பஞ்சத்தின் அரிசி விலைகளை மார்ட்டின் ரவாலியன் புள்ளிவிபர முறையில் ஆராய்ந்தார். வெள்ளச் சேதத்தை மிகையாகக் கணித்து அரிசியைப் பதுக்கியதால் விலை அளவுமீறி ஏறியது என்று கண்டார்.

கணக்கு எங்களுக்கு எதிரியில்லை. கூலியை எழுதாத கணக்குத்தான் எதிரி. யூசுப் நபி தானியத்தைச் சேமித்தது பஞ்சத்தில் மக்களுக்குக் கொடுக்க. விலையேற்றத்துக்காகப் பதுக்குவது மார்க்கத்தில் பாவம்.

நெல் சந்தைப்படுத்தும் சபை அறுவடையின் முதல் நாளே களஞ்சியத்தைத் திறக்கவேண்டும். நாங்களும் சும்மா இருக்கக்கூடாது. கமக்கார அமைப்பு, பள்ளிவாசல், கோயில், சேர்ச் எல்லாம் சேர்ந்து கிழமைக்கொருமுறை மூன்றை எழுதுவோம்: வயலில் நெல் விலை, கடையில் அரிசி விலை, ஒரு நாள் கூலி. அந்தக் கூலிக்கு எத்தனை கிலோ அரிசி என்று எங்கள் பிள்ளைகளே வகுத்துச் சொல்வார்கள். அந்த எண் இறங்கிக்கொண்டே போனால், சந்தை எவ்வளவு ஒழுங்காக ஓடினாலும் எங்களுக்கு அது பஞ்சம்தான்.