பாட்டுக்கு நிறமில்லையாம்!

அமெரிக்க நாட்டின் நகரங்கள் பலவற்றில், மாலைதோறும் சின்னஞ்சிறு அரங்குகள் நிரம்புகின்றன. ஆடம்பரம் இல்லை, அலங்கார விளக்குகள் இல்லை. ஒரு நாற்காலி, ஓர் ஒலிவாங்கி, ஒரு கித்தார், அவ்வளவே! ஊர் ஊராகச் சுற்றிவரும் பாடகர், தாமே புனைந்த பாட்டையும் முன்னோர் விட்டுச்சென்ற பாட்டையும் பாடுகிறார். ஒரு பாட்டு முடிந்து மறுபாட்டு தொடங்குமுன், தந்தியை முறுக்கிச் சுதி கூட்டியபடியே, அந்தப் பாட்டு பிறந்த கதையைக் கூறுகிறார். கேம்பிரிட்ஜ் நகரில் 1958இல் வேறு பெயருடன் தொடங்கிய கிளப் பாசிம் இத்தகைய அரங்கு. நாஷ்வில் நகரில் 1982இல் தோன்றிய புளூபேர்டு கபேயும் அத்தகையதே. தொண்ணூறு பேர் அமர்ந்தால் அங்கே இடம் நிரம்பிவிடும். ‘ஃபோக்’ என்றும் ‘அமெரிக்கானா’ என்றும் அவ்விசையை அழைக்கின்றனர். மக்கள் இசை என்று பெருமையும் பேசுகின்றனர்.

அந்த மக்களிலே கறுப்பின மக்களும் உண்டு என்று மேடையில் ஒருவர் நினைவூட்டியதும் எழுகிறது முணுமுணுப்பு. “பாட வந்தவர் பாடிவிட்டுப் போகட்டுமே, பாடம் நடத்துவானேன்? யாருடைய கருவி, யாருடைய மெட்டு என்று பழங்கணக்கைப் புரட்டுவானேன்? பாட்டுக்கு நிறமேது!”

பாட்டுக்கு நிறமில்லை! கேட்கத் தேனாக இனிக்கும் வாசகந்தான். ஆனால் தோழர்களே, ஒரு வாசகம் இனிக்கிறதா என்று பார்ப்பதோடு நில்லாமல், அதைச் சொல்பவர் யார், எந்த நேரத்தில் சொல்கிறார் என்று கேட்பதன்றோ பகுத்தறிவு! பங்கு பிரித்தபோது நிறம் பார்த்தவர்கள், கணக்குக் கேட்கும்போது நிறமில்லை என்கிறார்கள். இதுவே நாம் தொடுக்கும் வழக்கு. சான்றுகளைக் காட்டுகிறோம்.

முதற்சான்று பாஞ்சோ. வெள்ளை மலைநாட்டு உழவனின் மடியிலே பிறந்தது போல இன்று ஓவியங்களில் காட்டப்படும் இந்தக் கருவி, சுரைக்குடுக்கையில் தோல் போர்த்தி, அடிமைப்பட்ட ஆப்பிரிக்கர் செய்துகொண்ட கருவி. நாம் சொல்வதை நம்ப வேண்டாம். நூற்றுக்கணக்கான மனிதர்களை உடைமையாக வைத்திருந்த தாமஸ் ஜெபர்சன் சொல்வதையாவது நம்பலாமே! வர்ஜீனியா பற்றி அவர் எழுதி 1785இல் வெளிவந்த நூலிலேயே, இக்கருவியை அம்மக்கள் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்தனர் என்று குறித்திருக்கிறார். பின்னர் என்ன நடந்தது? 1843இல் நியூயார்க் மேடையில், வெள்ளையர் நால்வர் முகத்திலே கரி பூசிக்கொண்டு, கையிலே பாஞ்சோ ஏந்தி, கறுப்பரை நகையாடிக் காசு சேர்த்தனர். அந்தக் கேலிக்கூத்து நாடெங்கும் பரவியது. கருவியைக் கொடுத்தவன் கேலிப்பொருளானான். எடுத்தவன் கலைஞனானான்!

இரண்டாவது சான்று இசைத்தட்டு. 1920இல் மேமி ஸ்மித் என்ற கறுப்பினப் பெண்மணி பாடிய தட்டு விற்றுக் குவிந்தது. உடனே கண் விழித்தன கம்பெனிகள். கறுப்பருக்கென ஒரு பட்டியல். அதற்கு ‘இனத் தட்டுகள்’ என்று பெயர். தென்னாட்டு வெள்ளையருக்கென ‘மலைநாட்டார்’ என்ற பெயரில் வேறொரு பட்டியல். ஒரே ஊர், ஒரே பிடில், பல வேளைகளில் ஒரே பாட்டு! ஆனால் விற்பனை ஏட்டிலே நடுவே மதில். பிடிலும் பாஞ்சோவும் வாசித்த கறுப்பர் ஊர்தோறும் இருந்தும், அவர்களிடம் ‘புளூஸ்’ பாடு என்றே கேட்டனர் வணிகர். தட்டில் பதியாத கலை, நடக்கவே இல்லை என்று பின்னாளில் வரலாறு எழுதப்பட்டது. பாட்டுக்கு நிறம் பூசியவர் யார்? பாடகரா, வணிகரா?

மனிதர்களையும் பாருங்கள். டென்னசி மாநிலத்து பிரிஸ்டல் நகரில் 1927இல் பாடிப் புகழின் படியேறியது கார்ட்டர் குடும்பம். அக்குடும்பத் தலைவர் பாட்டுத் தேடி ஊரூராக அலைந்தபோது உடன் சென்றவர் லெஸ்லி ரிடில் என்ற கறுப்பர். சிமெண்டு ஆலை விபத்தில் ஒரு காலை இழந்தவர். சொற்களைக் கார்ட்டர் எழுதிக்கொள்வார். மெட்டை ரிடில் நெஞ்சிலே ஏந்தி வருவார். அந்த மெட்டுகள் உலகை வலம் வந்தன. ரிடிலின் பெயரோ, 1965இல் ஓர் ஆராய்ச்சியாளர் தேடிச் சென்று அவர் வாசிப்பைப் பதிவு செய்யும் வரை மூலையிலே கிடந்தது.

எலிசபெத் காட்டனைக் கேளுங்கள். வட கரோலினாவில் பிறந்து, இடக்கைப் பழக்கத்தால் கித்தாரைத் தலைகீழாகப் பிடித்துத் தாமே கற்றவர். சரக்கு வண்டியைப் பற்றிச் சிறுமியாக இருந்தபோதே பாட்டுக் கட்டியவர். பிழைப்புக்காக வீட்டு வேலை செய்தார். அவர் வேலை செய்த வீட்டாரின் மகள்வழியாக அப்பாட்டு இங்கிலாந்துக்குச் சென்றது. அங்கே வேறு இருவர் தம் பெயரைப் போட்டுக்கொண்டனர்! ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்ற கதைதான். 1957இல் அங்கே அது பெருவெற்றி பெற்றது. போராடிய பின்னரே அவர் பெயர் அதில் ஏறியது. பின்னர் அந்த மூதாட்டி தாமே மேடையேறி ஊர் ஊராகப் பாடினார். கிராமி விருது 1985இல் வந்தது. அப்போது அவருக்குத் தொண்ணூறை ஒட்டிய வயது!

“பாட்டு ஆறு போன்றது, எவருக்கும் சொந்தமன்று. ஏழை வெள்ளையனும் கண்ணீர் சிந்தித்தானே பாடினான்?” என்று வாதிப்போர் உண்டு. மறுக்கவில்லை நாம். கார்ட்டரும் ஏழை உழவர்தான். ஸ்காட்லாந்துப் பாட்டும் ஆப்பிரிக்கத் தாளமும் கலந்ததே அவ்விசையின் அழகு. வாங்கிப் பாடியது குற்றமென்று எவர் சொன்னார்? கொடுத்தவனை வாசலிலே நிறுத்திவிட்டு, உள்ளே விருந்துண்டதே குற்றம்! ஆற்று நீர் பொதுவென்று பேசுவோர், கரையிலே வேலி போட்டது யாரென்றும் சொல்ல வேண்டாமா?

பழங்கதை என்று தள்ளவும் வழியில்லை. 2024இல் பியான்சே நாட்டுப்புறப் பாணியில் பாடிய பாட்டை ஒக்லஹோமா மாநில வானொலி நிலையம் ஒன்று முதலில் ஒலிபரப்ப மறுத்தது. எதிர்ப்பு எழுந்த பின்னரே இசைந்தது. அந்தப் பாட்டில் பாஞ்சோ வாசித்தவர் ரியானன் கிடென்ஸ். யார் அவர்? 2005இல் தோழர் இருவருடன் சேர்ந்து, வட கரோலினாவின் முதிய கறுப்பினப் பிடில் கலைஞர் ஜோ தாம்சனின் வீடு தேடிச் சென்று பாட்டுக் கற்றவர். அறுந்துபோகவிருந்த இழையை அந்த இளைஞர் மூவரும் பிடித்துக்கொண்டனர். குழுவாக ஊர் ஊராகச் சென்றனர். பாடினர், பாட்டுக்கு உரியவர் யாரென்றும் கூறினர். 2012இல் தாம்சன் மறைந்தார். அவர் கொடுத்த பாட்டு மறையவில்லை.

ஆகவேதான் கூறுகிறோம், பாட்டுகளுக்கு இடையே வரும் அந்த இரண்டு நிமிடப் பேச்சு வீண்பேச்சன்று. கடன் தீர்க்கும் நேரம். இசைத்தட்டின் வட்டக் காகிதத்தில் இடம்பெறாத பெயருக்கு மேடையிலே இடம் கிடைக்கிறது. பணத்தைத் திருப்பித் தர இயலாது போகலாம். பெயரையாவது திருப்பித் தரலாமன்றோ! அதையும் நிறுத்து என்போர் கேட்பது அமைதியான இசையன்று, திருட்டுக்கு விடுதலைப் பத்திரம்!

பாட்டுக்கு நிறமில்லாத நாள் வரட்டும், வரவேற்போம். ஆனால், அந்நாள் வாயாலே அறிவித்து வருவதன்று; கணக்கைத் தீர்த்து வருவது. அதுவரையில், எந்த அரங்கிலே எவர் பாடினும், கைதட்டுமுன் ஒரு கேள்வி கேட்போம்: இந்தப் பாட்டைக் கொடுத்தவர் யார், அவருக்குக் கிடைத்தது என்ன?