கரையாது என்கிறார்கள், மழை வருகிறது!



போபால் யூனியன் கார்பைடு ஆலையில் கிடந்த 337 டன் நச்சுக்கழிவை லாரியில் ஏற்றி, பீதம்பூர் கொண்டுபோய், 2025-இல் எரித்து முடித்தார்கள். இத்தோடு கணக்குத் தீர்ந்தது என்று கோப்பை மூடப் பார்க்கிறார்கள். விடாதீர்கள்! எரிந்தது கிடங்கில் மூட்டை கட்டி வைத்திருந்த கழிவு. மண்ணுக்குள் போனது அங்கேயேதான் இருக்கிறது. கெட்டுப்போன மண் சுமார் 11 லட்சம் டன் என்று 2010-இல் கணக்குச் சொன்னவை நீரியும் என்.ஜி.ஆர்.ஐ.யும், இரண்டும் அரசு ஆய்வகங்கள்.

யூனியன் கார்பைடு அங்கே செய்தது செவின் பூச்சிமருந்து மட்டுமல்ல, பி.எச்.சி. என்ற குளோரின் ஏறிய மருந்து கலந்த செவிடாலும்தான். அவற்றின் எச்சமும், கார்பன் டெட்ராகுளோரைடு, குளோரோபென்சீன் வகைகளும் அந்த மண்ணில் இறங்கின. கழிவுநீர்க் குளங்கள் கசிகின்றன என்று 1982-லேயே டெலக்ஸ் அடித்தவர்கள் அந்த ஆலைக்காரர்களே. அந்த ஆலையிலிருந்து விஷவாயு கசிந்தது அதற்கு இரண்டு ஆண்டு கழித்து!

"குளோரின் ஏறிய பூச்சிமருந்து தண்ணீரில் கரையாதே" என்று நம்மிடம் வாதம் வைப்பார்கள். பாதி உண்மை, அதனால்தான் ஆபத்து. பி.எச்.சி.யின் காமா வகையான லிண்டேன் ஒரு லிட்டரில் ஏறத்தாழ 7 மில்லிகிராம்தான் கரையும். ஆனால் குடிநீரில் இந்தியத் தரம் அனுமதிப்பது 2 மைக்ரோகிராம். ஒரே ஒரு கிராம் போதும், 5 லட்சம் லிட்டரை அந்த எல்லைக்குக் கொண்டுவர. அதன் உடன்பிறப்பு ஆல்ஃபாவுக்கு எல்லை வெறும் 0.01 மைக்ரோகிராம். மளமளவென்று கரைகிற சரக்காக இருந்தால் சில மழைக்காலத்திலேயே கழுவிக்கொண்டு போயிருக்கும். இது மண்ணின் மக்கிலும் களியிலும் ஒட்டிக்கொண்டு, கடன்காரன் வட்டி வாங்குவதுபோல, புதுத்தண்ணீர் இறங்கும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. நீரை இறைத்துச் சுத்தம் செய்தாலும், இறைப்பதை நிறுத்தியதும் அளவு மறுபடி ஏறும். குளோரின் கரைப்பான்கள் இன்னும் மோசம்: தண்ணீரைவிடக் கனம், அடியில் போய்த் தேங்கும், வழியில் மண் பிடித்துவைத்த மருந்தையும் இழுத்துக்கொண்டு போகும். ஆலைக்கு 3 கிலோமீட்டர் தள்ளி எடுத்த நிலத்தடி நீரிலும் இந்த நஞ்சுகள் இருப்பதை 2009-இல் சி.எஸ்.இ. என்ற அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் காட்டியது.

நல்ல தண்ணீர் கொடு என்று 2004-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகும், 2006-இல் போபால் மக்கள் டெல்லிவரை நடந்தே போக வேண்டியிருந்தது. மண்ணுக்கு எத்தனை நடை நடக்கச் சொல்லப் போகிறார்கள்?

ஜூனில் மழை பிடிக்கும். கோடையில் வாய்பிளந்த கரிசல் வெடிப்பு வழியே முதல் மழை நேரே கீழே இறங்கும். அதற்கு முன்பு ஒரு மாதிரி, மழைக்குப் பின்பு ஒரு மாதிரி, ஆலையைச் சுற்றியுள்ள ஒவ்வொரு அடிபம்பிலும் எடுத்தாக வேண்டும். பிளாஸ்டிக் பாட்டில் வேண்டாம், அது மருந்தை உறிஞ்சிக்கொள்ளும். பழுப்புக் கண்ணாடி பாட்டில் வாங்குங்கள். பம்பைச் சில நிமிடம் அடித்துத் தேங்கிய நீரை வெளியேற்றிவிட்டு, விளிம்புவரை, ஒரு குமிழிகூட இல்லாமல் பிடியுங்கள். காற்று இருந்தால் கரைப்பான் அதில் ஏறிப் பறந்துவிடும். ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.

லிண்டேனை மட்டும் பார்த்துவிட்டு 'எல்லைக்குள்' என்று வரும் தாளை வாங்காதீர்கள். ஆல்ஃபா, பீட்டா, காமா, டெல்டா நான்கும் வேண்டும்; குளோரோபென்சீன், கார்பன் டெட்ராகுளோரைடு, குளோரோஃபார்ம் தனித்தனியே வேண்டும். முடிவை அந்தப் பம்பிலேயே இந்தியில் எழுதி ஒட்டுங்கள். மண்ணை எடு, செலவை 2001-இல் கார்பைடை வாங்கிய டௌ கெமிக்கல் நிறுவனத்திடம் வசூலி என்ற மனுவோடு அந்தத் தாளின் நகலையும் சேர்த்துக் கொடுங்கள். புறப்படுங்கள் தோழர்களே, மழைக்கு முன்!