கணக்கு உதைக்குது!

இராமேஸ்வரத்திலிருந்து சித்தப்பா போன்.

"உடனே கிளம்பி வாடா. ஜூலி மானத்தை வாங்கிட்டா!"

நீங்கள் ஏதாவது கற்பனை செய்துகொள்வதற்குள் சொல்லிவிடுகிறேன். ஜூலி என்பது சித்தப்பா வளர்க்கும் பொமரேனியன். பால் வெள்ளை. அக்னி தீர்த்தத்துப் பக்கம் சங்கு, சோழி வியாபாரம் செய்கிற சித்தப்பா, கடைச் சாவியைக்கூட மறப்பார். ஜூலிக்குப் பிஸ்கட் வாங்க மறக்கமாட்டார்.

ராத்திரி ரயிலேறி, 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாம்பன் பாலத்தில் உப்புக்காற்று வாங்கியபடி போய் இறங்கினேன். திண்ணையில் பஞ்சாயத்தே கூடியிருந்தது. நடுவே ஒரு கூடை. கூடையில் ஒரு மாதத்துக் குட்டிகள் ஐந்து. நாலு, பஞ்சு மாதிரி வெள்ளை. ஐந்தாவது, அடுப்புக்கரி!

எதிரே ராமநாதபுரத்து ஆண் நாயின் சொந்தக்காரர். அவருடைய நாயும் வெள்ளைதான். பேசிய கூலி, குட்டியில் ஒன்று.

"உங்க நாய் சுத்த ஜாதி இல்லை" என்றார் சித்தப்பா.

"உங்க நாய் சுத்தமில்லைனு நான் சொல்ல எவ்வளவு நேரமாகும்?" என்றார் அவர்.

"இவன் பி.காம். எல்லாத்தையும் படிக்கிறவன். இவன் சொல்லட்டும்" என்று சித்தப்பா என்னை நடுவில் தள்ளிவிட்டார். பி.காமுக்கும் நாய்க் குட்டிக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? இருக்கிறது சார். இரட்டைப் பதிவு!

நம் கணக்குப் புத்தகத்தில் ஒவ்வொரு வரவுக்கும் இரண்டு பதிவு உண்டில்லையா? இயற்கையும் அப்படித்தான் எழுதுகிறது. ஒவ்வொரு குணத்துக்கும் அம்மாவிடமிருந்து ஒரு சீட்டு, அப்பாவிடமிருந்து ஒரு சீட்டு. பட்டாணிச் செடியை வைத்துக்கொண்டு மெண்டல் என்கிற பாதிரியார் 1866-ல் அச்சில் போட்ட சமாசாரம் இது. அவர் செத்து வெகுநாள் கழித்துத்தான் உலகம் கண்டுகொண்டது. நல்ல ஆடிட்டர்களுக்கு எப்போதும் இதே கதிதான்.

நாய் முடிக்கு அடிப்படைச் சாயம் இரண்டே இரண்டு. ஒன்று கறுப்பு, இன்னொன்று சிவப்பு-மஞ்சள். எதை முடிக்குள் அனுப்புவது என்று தீர்மானிக்க ஒரு சுவிட்ச் இருக்கிறது. எம்.சி.ஒன்.ஆர் என்று ஒரு ஜீன். வெள்ளைக்காரர்களில் சிலருக்குச் செம்பட்டை முடி வருவதும் இதே ஜீனின் கைங்கரியம்தான். இரண்டு சீட்டிலும் இந்த சுவிட்ச் பழுதென்றால் முடிக்குள் கறுப்பு போகவே போகாது, மஞ்சள் மட்டும்தான். அந்த மஞ்சளையும் வேறு சில ஜீன்கள் தண்ணீர் ஊற்றி ஊற்றி வெளுக்க வைத்தால் கிடைப்பது வெள்ளைப் பொமரேனியன்.

"அப்ப மூக்கு மட்டும் ஏன் கறுப்பு?" என்றார் ராமநாதபுரத்துக்காரர். நல்ல கேள்வி! அந்த சுவிட்ச் பழுது முடிக்கு மட்டும்தான், தோலுக்கு இல்லை. அதனால்தான் மூக்கு, கண் ஓரம், உதடு எல்லாம் மை வைத்தாற்போல இருக்கிறது. பிறந்தபோது ரோஸாக இருந்த குட்டிகளின் மூக்கு, இப்போது நாலு வாரத்தில் கறுத்துப்போயிருந்தது. வெள்ளை நாய்க்கு உள்ளே இருக்கிற நிறம் தெரிய வேண்டுமா? மூக்கைப் பாருங்கள். மூக்கு பழுப்பென்றால் உள்ளே பழுப்பு. கறுப்பென்றால் உள்ளே கறுப்பு. மேலே மட்டும்தான் வெள்ளைச் சட்டை.

ஊரில் எல்லோரும் கேட்பது இந்தச் சட்டையைத்தான். ஆனால் விக்டோரியா மகாராணி 1888-ல் இத்தாலிக்குப் போய்க் கூட்டிவந்த மார்க்கோ வெள்ளையே இல்லை, செம்பழுப்பு. அந்தம்மா வளர்த்த பிறகுதான் குட்டிப் பொமரேனியனுக்கே மவுசு வந்தது. நம் வீடுகளில் பொமரேனியன் என்று சொல்லிக்கொள்வதில் முக்கால்வாசி, இந்தியன் ஸ்பிட்ஸ் என்கிற கொஞ்சம் பெரிய உருப்படி. நமக்கு வெள்ளையாக, புஸுபுஸுவென்று இருந்தால் போதும்.

வெள்ளையிலும் இரண்டு ரகம் உண்டு. நம்ம ராஜபாளையத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2005-ல் தபால்தலையில் வந்த கம்பீரம். அதுவும் வெள்ளைதான், ஆனால் மூக்கு ரோஸ். அங்கே சாயம் வெளுக்கவில்லை. சாயம் செய்கிற செல்களே வந்து சேரவில்லை. இந்த செல்கள் காதுக்குள்ளும் இருந்தால்தான் காது கேட்கும். வெள்ளையாகவே தேடித் தேடிச் சேர்த்ததில், காது கேளாத குட்டிகளும் சேர்ந்து பிறக்கின்றன. நிறத்துக்கு நாம் ஆசைப்படுகிறோம். வட்டியைக் குட்டி கட்டுகிறது.

சரி, தீர்ப்புக்கு வருவோம். ஜூலி வெள்ளை, அவளிடம் இருக்கிற இரண்டு சீட்டும் பழுது. ராமநாதபுரத்து மாப்பிள்ளையும் அப்படியே. பழுதும் பழுதும் சேர்ந்தால் பழுதுதான் வரும். கறுப்புக் குட்டி வேண்டுமென்றால் நல்ல சீட்டு ஒன்று வேறு எங்கிருந்தாவது வந்திருக்க வேண்டும்.

"ஆக, கணக்கு உதைக்குது" என்றேன். "மூணாவது பார்ட்டி ஒருத்தர் இருக்கார். ஒரே பிரசவத்துல ரெண்டு அப்பா, நாய்ங்களுக்கு சகஜம்."

திண்ணையில் மயான அமைதி. சித்தி முந்தானையைத் திருகிக்கொண்டே, "அந்த வாரம் ஒருநாள் கொல்லைக் கதவு திறந்து கிடந்துச்சு..." என்றாள். எல்லோரும் தெருமுனையைப் பார்த்தோம். டீக்கடை வாசலில் ஒரு கறுப்பு நாய், ஒன்றும் தெரியாத மாதிரி படுத்துக்கொண்டிருந்தது. கரிக்குட்டிக்கும் அதே மடிந்த காது.

ராமநாதபுரத்துக்காரர் ஒரு வெள்ளையைத் தூக்கிக்கொண்டு ஜெயித்த முகத்தோடு பஸ் ஏறினார். மீதி மூன்றுக்கும் சித்தப்பா ஏற்கெனவே அட்வான்ஸ் வாங்கியிருந்தார். கரிக்குட்டிக்கு மட்டும் ஆளில்லை.

"சாயந்தரம் தனுஷ்கோடி ரோட்டுல கொண்டுபோய் விட்டுட்டு வந்துடலாம்டா" என்றார் சித்தப்பா.

அதுவரை ஒரு வார்த்தை பேசாமல் இருந்த தங்கை, சித்தப்பா மகள், கூடைப் பக்கம் வந்து நின்றாள்.

"ஏம்ப்பா, கறுப்பா இருக்குங்கறதுக்காகவா?"

அவ்வளவுதான் கேட்டாள். போன மாதம் பெண் பார்க்க வந்தவர்கள் இரண்டு தட்டு கேசரி சாப்பிட்டுவிட்டு, "பொண்ணு கொஞ்சம் நிறம் கம்மி" என்று சொல்லியனுப்பியது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அடுத்த மாதம் நான் பெண் பார்க்கப் போகிற இடத்தைப் பற்றித் தரகரிடம், "கலரா இருக்குமா?" என்று நான் முதலில் விசாரித்ததும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஜீன், சுவிட்ச் என்று இவ்வளவு நேரம் வெளுத்துக் கட்டியவன், வாயை மூடிக்கொண்டேன்.

சித்தப்பா கொஞ்ச நேரம் கடல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குட்டியை எடுத்து அவள் மடியில் வைத்தார். "பால் ஊத்தும்மா" என்றார். குரல் சரியாக வரவில்லை.

இது நடந்து ஆறு மாதம் ஆகிறது. கரிக்குட்டிக்குப் பெயர் பைரவன். தேய்பிறை அஷ்டமியானால் தெருக்காரர்கள் கறுப்பு நாயைத் தேடிக்கொண்டு சித்தப்பா வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறார்கள், வடையும் தயிர்சாதமுமாக. வெள்ளை ஜூலியை ஒருவரும் சீண்டுவதில்லை.

"வடை மொறுமொறுன்னு இருக்குடா" என்று போனில் சொன்னார் சித்தப்பா.

நான் தரகரைக் கூப்பிட்டு, அந்தக் கேள்வியை வாபஸ் வாங்கிக்கொண்டேன். "அப்ப பொண்ணு வீட்ல கேட்டதுக்கு என்ன சொல்லட்டும்?" என்றார் அவர்.

"என்ன கேட்டாங்க?"

"மாப்பிள்ளை கலரா இருப்பாரான்னு!"